தலைக்கு மேல ரெண்டு சக்கரம்!

"பைக் ரேக் வாங்கணும்"னு நம்ம ஊர்ல யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. "ஏம்ப்பா, புல்லட்டைத் தூக்கி கார் மேலயா வைக்கப்போற?"ம்பாங்க. சரி, தெளிவா கேப்போம்னு "சைக்கிள் கேரியர் இருக்கா அண்ணே?"ன்னா, கடைக்காரர் பின்னாடி ஆளை உட்கார வைக்கிற கேரியரை எடுத்து நீட்டுவார். அதனால முதல்லயே சொல்லிடறேன். இந்த வார மேட்டர், கார் கூரை மேல சைக்கிளை நிக்க வெச்சுப் பிடிச்சுக்கிட்டு, ஊர் விட்டு ஊர் கொண்டுபோற ரூஃப் ரேக்.

விஷயம் ஒண்ணும் நமக்குப் புதுசு இல்ல. மொஃபசல் பஸ்ஸுக்குப் பின்னாடி ஏணி இருந்த காலத்துல, டாப்புல சைக்கிள், காய்கறி மூட்டை, வாழைத்தார் எல்லாம் ஏறும். கிளீனர் அண்ணன் மேல ஏறி கயித்தை நாலு இழுப்பு இழுத்து முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சுக்கு அவர் பொறுப்பு. இப்போ கார் அப்பாவோடது, சைக்கிள் உங்களோடது, கிளீனர் வேலையும் உங்களோடது.

ஒரு சின்ன கணக்கு. 80 கி.மீ. வேகத்துல போற கார், ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடுது. உங்களுக்குப் பின்னாடி 20 மீட்டர்ல ஒருத்தர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.ல மனைவி, குழந்தையோட வர்றார். மேலே இருந்து சைக்கிள் கழண்டு ரோட்டுல விழுந்தா, அவருக்குக் கிடைக்கிறது ஒரே ஒரு செகண்டு. கண்ணு பார்த்து மூளைக்குச் சொல்லி பிரேக்கைத் தொடறதுக்கே அந்த ஒரு செகண்டு சரியாப் போயிடும்.

ஆக, ரேக் வாங்கறது நம்ம சைக்கிளைக் காப்பாத்த மட்டும் இல்ல. பின்னாடி வர்ற அந்தக் குடும்பத்தையும் காப்பாத்தத்தான். எதை வாங்கலாம், எப்படிக் கட்டலாம், எவ்வளவு வேகம் போலாம்னு எந்தச் சந்தேகம் வந்தாலும், அந்த எக்ஸ்.எல்.காரரை மனசுல நிறுத்திக்கோங்க. பாதிக்கு மேல பதில் தானா வந்துடும்.

நிஜமாவே வேணுமா பாஸ்?

திருவண்ணாமலையையே எடுத்துக்குவோம். ஊருக்குள்ள இருக்கிறவங்களுக்கு கிரிவலப் பாதை 14 கி.மீ. காலையில அஞ்சரைக்கு சைக்கிளை எடுத்தா, மலையை இடமிருந்து வலமா ஒரு சுத்து சுத்திட்டு, எட்டு லிங்கத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு, ஃபர்ஸ்ட் அவருக்கு முன்னாடி காலேஜ் போயிடலாம். இதுக்கு காரும் வேணாம், ரேக்கும் வேணாம்.

ஆனா ஜவ்வாது மலைன்னா கதை வேற. போளூர் வரைக்கும் 35 கி.மீ. வாக்குல மெயின் ரோடு. வேலூர் பஸ், கரும்பு டிராக்டர், லாரினு எல்லாருக்கும் அதுதான் வழி. அதை மிதிச்சு முடிச்சு, அதுக்கப்புறம் ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறணும்னா, புதுசா சைக்கிள் பிடிச்ச பசங்களுக்கு நாக்கு தள்ளிடும். போளூர் வரைக்கும் காரு, அங்கிருந்து சைக்கிளுனு பிரிச்சுக்கிட்டா, மலையை மலையா ரசிக்கலாம். சென்னையிலயோ பெங்களூருலயோ ஹாஸ்டல்ல இருந்துகிட்டு, லீவுல கிட்டத்தட்ட 200 கி.மீ. தாண்டி ஊருக்கு சைக்கிளோட வரணும்னு நினைக்கிறவங்களுக்கும் ரேக் கைகொடுக்கும்.

ஆனா போறது ஒரே ஒரு சைக்கிள்னா, பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி டிக்கியைத் திறங்க. பின் சீட்டை மடிச்சு, சைக்கிளோட முன் சக்கரத்தைக் கழட்டினா, சாதாரண ஹேட்ச்பேக் காருக்குள்ளயே ஒரு சைக்கிள் போயிடும். அடியில ஒரு பழைய பெட்ஷீட் விரிச்சா போதும். செலவு பூஜ்யம். மழை படாது, எவனும் திருட மாட்டான், ரோட்டுல விழவும் விழாது. ஆளும் அதிகம், சைக்கிளும் ரெண்டு, மூணுனு வர்றப்போதான் கூரை பத்தி யோசிக்கணும்.

கூரை என்ன சொல்லுது?

எல்லாரும் பண்ற வேலை என்னன்னா, முதல்ல ரேக்கைப் பாத்து ஆசைப்படறது, அப்புறம் காருக்குப் பொருந்துமானு பாக்கறது. இதைத் தலைகீழாப் பண்ணணும். முதல்ல கார், அப்புறம் சைக்கிள், கடைசியாத்தான் ரேக்.

காரோட ஓனர்ஸ் மேனுவலை எடுங்க. டேஷ்போர்டு பெட்டிக்குள்ள பாலிதீன் கவரோட தூங்கிட்டு இருக்கும். அதுல கூரை மேல எவ்வளவு எடை ஏத்தலாம்னு தேடுங்க. வண்டி ஓடும்போது தாங்கற எடைதான் நமக்கு வேணும். நிக்கிற கூரை மேல நாலு பேர் ஏறி போட்டோ எடுத்தா தாங்குதேனு நினைக்காதீங்க. ஓடற வண்டியில குலுக்கலும் பிரேக்கும் காத்தும் சேர்ந்து இழுக்கும். எடையே போடல, இல்லேன்னா 'ஏத்தக் கூடாது'னு போட்டிருக்குன்னா, அந்தக் கூரையை விட்டுடுங்க. டிக்கி பக்கம் பாருங்க.

இன்னொரு விஷயம். கூரையில ரெண்டு பக்கமும் கம்பி ஓடுதேனு சந்தோஷப்பட வேணாம். சில கார்கள்ல அது வெறும் அழகுக்கு ஒட்டினது. சுமை தாங்கறதுக்குன்னே கொடுத்த கார்களும் இருக்கு. 2019-ல வந்த ரெனோ டிரைபர், 2021-ல வந்த கைகர் ரெண்டையும் 50 கிலோ தாங்கற கம்பினு சொல்லித்தான் அந்தக் கம்பெனி விளம்பரம் பண்ணுச்சு. உங்க கார் எந்த ரகம்னு மேனுவல்தான் சொல்லணும், பக்கத்து வீட்டு அங்கிள் இல்ல.

இப்போ அந்த 50 கிலோவை வெச்சே கூட்டிப் பாப்போம். குறுக்கே போடற ரெண்டு பாரும் அதோட கால்களும் சேர்ந்து 5 கிலோனு வைங்க. ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு தட்டு, அது 4 கிலோ. சைக்கிள் ஒவ்வொண்ணும் 14 கிலோ. ரெண்டு சைக்கிள்னா 5 + 8 + 28 = 41. பாஸ். மூணு சைக்கிள்னா 5 + 12 + 42 = 59. ஃபெயில். தட்டு மாட்ட இடம் இருக்குங்கிறதுக்காக மூணாவதை ஏத்தினா, அது அரியர் மாதிரி. இன்னிக்கு தெரியாது, என்னிக்கோ வந்து நிக்கும்.

சைக்கிள் எடை தெரியலயா? வீட்டு எடை மெஷின்ல தனியா ஒரு தடவை நில்லுங்க, சைக்கிளைத் தூக்கிட்டு ஒரு தடவை நில்லுங்க. கழிச்சா வந்துடும். மெஷின் இல்லேன்னா பழைய பேப்பர் கடைத் தராசு இருக்கவே இருக்கு. 'இதை எடைக்குப் போடல அண்ணே'னு மட்டும் முதல்லயே சொல்லிடுங்க!

எடை ஏன் முக்கியம்னா, தட்டுக்கும் தனியா ஒரு எல்லை உண்டு. கூரை 50 கிலோ தாங்கினாலும், தட்டு ஒரு சைக்கிளுக்கு இவ்வளவுதான்னு சொல்லும். உதாரணத்துக்கு, தூலே கம்பெனியோட ஃப்ரீரைடு 532 மாடல் 17 கிலோ வரைக்கும், புரோரைடு 598 மாடல் 20 கிலோ வரைக்கும் தாங்கும். (இந்த தூலே ஸ்வீடன் நாட்டுக்காரங்க. 1942-ல எரிக் தூலின்னு ஒருத்தர் மீன் பிடிக்கிற பொறி வித்து ஆரம்பிச்ச கம்பெனி இது. இன்னிக்கு உலகம் பூரா கார் கூரை மேல உட்கார்ந்திருக்கு.) கியர் வெச்ச மெலிசு சைக்கிள்னா கவலை இல்ல. பிளஸ் ஒன்ல கவர்ன்மென்ட் கொடுத்த சைக்கிள்னா? இரும்பு ஃப்ரேம், மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு, பின் கேரியர்னு எல்லாம் சேர்ந்து சுலபமா 18, 20 கிலோனு போயிடும். 17 கிலோ தட்டுல அதை ஏத்தறது நியாயமே இல்ல.

மூணு விதமான பிடி

ரேக்குக்கு அடிப்படை, கூரையில குறுக்கே ஓடற ரெண்டு பார். அம்பாசிடர், ஆம்னி மாதிரி பழைய வண்டிகளுக்குக் கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற கால்வாய் இருக்கும். அதுல கொக்கி மாட்டிடலாம். கம்பி இருக்கிற கார்ல கம்பியைப் பிடிக்கிற கால். மொட்டைக் கூரைன்னா, கதவுக்கு மேல உள்ள விளிம்பைப் பிடிக்கிற கால். கடைசி ரகம் ஒவ்வொரு கார் மாடலுக்கும் தனித்தனி அளவு. 'எல்லாக் காருக்கும் சேரும் தம்பி'னு யாராவது சொன்னா, ஒரு அடி பின்னாடி வைங்க.

பார் மேல உட்கார்ற தட்டு, சைக்கிளை மூணு விதமாப் பிடிக்கும்.

ஒண்ணு, ஃபோர்க் பிடி. முன் சக்கரத்தைக் கழட்டிட்டு ஃபோர்க்கை இறுக்கறது. ஆட்டம் கம்மி, உயரமும் கொஞ்சம் குறையும். ஆனா கழட்டின சக்கரத்துக்கு கார் உள்ள இடம் வேணும். கையாலயே லீவரைத் திருப்பிச் சக்கரம் கழட்டற சைக்கிளுக்குத்தான் இது சுகம். ஸ்பேனர் போட்டு நட்டு கழட்டற சைக்கிளுக்குச் சரிப்படாது. தடிமனான ஆக்ஸில் வர்ற புது மாடல்களுக்குத் தனி அடாப்டர் வேணும். டிஸ்க் பிரேக் சைக்கிள்னா, சக்கரம் இல்லாதப்போ பிரேக் லீவரை அமுக்காதீங்க. உள்ள இருக்கிற ரெண்டு பேடும் ஒட்டிக்கிட்டா, திரும்பச் சக்கரம் போட முடியாம மலையடிவாரத்துல முழிக்கணும். பேடு நடுவுல ஒரு மடிச்ச அட்டை சொருகிடுங்க.

ரெண்டு, ஃப்ரேம் பிடி. ரெண்டு சக்கரமும் தட்டுல நிக்கும். ஒரு கை எழும்பி வந்து ஃப்ரேமோட கீழ்க்குழாயைக் கவ்வும். மாட்டறது ரொம்ப சுலபம். கார்பன் ஃப்ரேம்னா மட்டும் வேணாம். குழாயை இறுக்கினா கண்ணுக்குத் தெரியாம விரிசல் விடும். லேடீஸ் சைக்கிளுக்குக் குழாய் தாழ்வா, வளைஞ்சு இருக்கும். கை எட்டுதா, சரியாக் கவ்வுதானு கடையிலயே சைக்கிளை வெச்சுப் பாத்துட்டுத்தான் காசு கொடுக்கணும்.

மூணு, சக்கரப் பிடி. ஃப்ரேமையே தொடாம முன் சக்கரத்தை மட்டும் ஒரு கை அமுக்கிப் பிடிக்கும். எந்த மெட்டீரியலா இருந்தாலும் பயம் இல்ல. பெரிய மட்கார்டு இருந்தா மட்டும் இடிக்கும்.

இது போக, கண்ணாடியிலயும் கூரையிலயும் ரப்பர் கப்பால ஒட்டிக்கிற ரகமும் உண்டு. ஒட்டற இடத்துல ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது, வழியில அடிக்கடி இறங்கி கப்பை செக் பண்ணணும். நம்ம செம்மண் ரோட்டுக்கும் சித்திரை வெயிலுக்கும் அது அவ்வளவு தோதான ஜோடி இல்ல.

ஏத்தற கலை

முதல்ல உதிரியா இருக்கிறது எல்லாத்தையும் கழட்டுங்க. தண்ணி பாட்டில், பம்பு, லைட்டு, சீட்டுக்கு அடியில தொங்கற பை, செல்போன் ஸ்டாண்டு. சைக்கிளை விடுங்க, பறக்கற பாட்டிலே ஹெல்மெட் போடாதவரைச் சாய்ச்சிடும்.

ஒரே சைக்கிள்னா காரோட இடது பக்கம் மாட்டுங்க. நம்ம ஊர்ல அது ஓரப் பக்கம். ஏத்தறப்போ, இறக்கறப்போ பஸ் போற பக்கம் முதுகைக் காட்டிட்டு நிக்க வேணாம். தூக்கறப்போ ரெண்டு பேர் தூக்கறது உத்தமம். ஒருத்தர் முன் ஃபோர்க், இன்னொருத்தர் பின் ஃப்ரேம். ஹேண்டில்பார் திரும்பி கூரையில கோடு போட்டா, அப்பாகிட்ட பதில் சொல்லப்போறது நீங்கதான். ரெண்டு சைக்கிள் பக்கத்துல பக்கத்துலன்னா, ஹேண்டில் ஹேண்டிலோட மோதும். தட்டு அனுமதிச்சா ஒண்ணை முன்னாடி பாக்க, இன்னொண்ணைப் பின்னாடி பாக்க வைங்க.

மெயின் பிடியை இறுக்கியாச்சு. அதோட நிறுத்தாதீங்க. ரெண்டு சக்கரத்துக்கும் பெல்ட்டு போடணும். அதுக்கும் மேல தனியா ஒரு பெல்ட்டு, ஃப்ரேமைச் சுத்தி குறுக்கு பாரோட கட்டணும். ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு பிடிக்கணும், அதுதான் கணக்கு. மிச்சமாத் தொங்கற வாலைச் சுருட்டிக் கட்டுங்க. பெல்ட்டு காத்துல 'ர்ர்ர்'னு கத்துச்சுன்னா, அதை ஒரு முறுக்கு முறுக்கிப் போடுங்க, சத்தம் அடங்கிடும்.

கட்டி முடிச்சதும் ஒரு டெஸ்ட். சைக்கிளைப் பிடிச்சு முன்னும் பின்னும், இடமும் வலமும் நல்லா ஆட்டுங்க. சைக்கிள் ஆடினா கார் மொத்தமும் சேர்ந்து ஆடணும். சைக்கிள் மட்டும் தனியா ஆடுதுன்னா எங்கயோ லூஸ்.

புறப்பட்ட பத்து, பதினஞ்சு கி.மீ.ல ஒரு தடவை நிறுத்தி இதே டெஸ்ட் திரும்ப. புதுசா இறுக்கின எதுவும் முதல் குலுக்கல்லதான் உட்காரும். திருவண்ணாமலையில இருந்து போளூர் பக்கம் போறீங்கன்னா, வேங்கிக்கால் தாண்டி முதல் டீக்கடையில வண்டியை ஓரம் கட்டுங்க. டீ உங்களுக்கு, இறுக்கு பெல்ட்டுக்கு. அப்புறம் ஒவ்வொரு தடவை நிறுத்தறப்பவும் ஒரு கை வெச்சுப் பாக்கறது பழக்கமாயிடணும்.

கயிறு மட்டும்தான் இருக்கா?

'இவ்வளவு காசுக்கு நாங்க எங்க போறது'ங்கிற குரல் கேக்குது. நாலு பேர் சேர்ந்து டூரிஸ்ட் டாக்ஸி பிடிக்கிறோம், மேல லக்கேஜ் கேரியர் இருக்கு, கயிறு இருக்கு. போலாமா? போலாம், ஆனா ஒழுங்காக் கட்டணும்.

டிரைவர் அண்ணன்கிட்ட முதல்லயே கேட்டுடுங்க. சைக்கிளைப் படுக்க வைக்கிறப்போ செயினும் கியரும் இருக்கிற பக்கம் மேல பாக்கணும். கம்பி உரசற இடத்துல பழைய டியூப்பையோ கோணியையோ மடிச்சு வைங்க. ஒரே நீளக் கயித்துல எல்லாத்தையும் சுத்தாதீங்க, ஒரு இடத்துல அறுந்தா மொத்தமும் போயிடும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனித்தனியா நாலு கட்டு. ஃப்ரேமுல ரெண்டு, சக்கரத்து ரிம்முல ஒவ்வொண்ணு. ஸ்போக்ஸுலயும் பிரேக் ஒயர்லயும் கட்டக் கூடாது. இழுத்துக் கட்டற சைக்கிள் டியூப்பும், கொக்கி வெச்ச எலாஸ்டிக் கயிறும் துணைக்கு மட்டும்தான். நீள்ற எதையும் நம்பி சுமையை விடாதீங்க. லாரிக்காரங்க தார்ப்பாய் கட்டறப்போ ஒரு முடிச்சு போடுவாங்களே, இழுக்க இழுக்க இறுகும், உருவினா உடனே அவிழும். எந்த லாரி ஷெட்டுல கேட்டாலும் அஞ்சு நிமிஷத்துல கத்துக் கொடுப்பாங்க. எந்த சிலபஸ்லயும் இல்லாத உருப்படியான பாடம் அது.

2.7-ங்கிற நம்பர்

இனிமே உங்க கார் பழைய கார் இல்ல. சின்ன கார் உயரம் 1.5 மீட்டர் வாக்குல. பாரும் தட்டும் 15 செ.மீ. அதுக்கு மேல சைக்கிள் ஒரு மீட்டர், அதுக்கும் கொஞ்சம் கூட. ஆக மொத்தம் 2.7 மீட்டர். அதாவது கிட்டத்தட்ட ஒன்பது அடி! பேஸ்மென்ட் பார்க்கிங் வாசல்ல தொங்கற கம்பி பல இடத்துல 2.1 மீட்டர்தான்.

பிரச்னை என்னன்னா, டிரைவர் சீட்டுல உட்கார்ந்தா மேல சைக்கிள் இருக்கிறது கண்ணுக்கே தெரியாது. மூணு மணி நேரம் ஓட்டிட்டு, பசியில, தூக்கத்துல வீட்டுக்கு வந்து நேரா போர்ட்டிகோவுக்குள்ள விட்டா என்ன ஆகும்? சைக்கிள் போகும், ரேக் போகும், கூரையும் நசுங்கும். உலகம் பூரா ரூஃப் ரேக் வெச்சவங்க பயப்படற முதல் விஷயமே இதுதான்.

வழி ரொம்ப சிம்பிள். டேப்பை வெச்சு நிஜ உயரத்தை அளங்க. ஒரு துண்டு பிளாஸ்திரியில அந்த நம்பரைக் கொட்டை எழுத்துல எழுதி, ஸ்டியரிங்குக்கு நேர் எதிர்ல ஒட்டிடுங்க. வீட்டுக்கு வந்ததும் மறந்துடுவோம்னு பயமா இருந்தா, கிளம்பறப்பவே போர்ட்டிகோ வாசல்ல குறுக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுட்டுப் போங்க. திரும்பி வந்து அதை நகர்த்த இறங்குவீங்க இல்ல, அப்போ தலை தானா மேல நிமிரும்.

நம்ம ஊருக்குன்னே சில ஸ்பெஷல் அயிட்டங்களும் இருக்கு. ரோட்டோரப் புளியமரக் கிளை. கல்யாண மண்டப வாசல்ல கட்டின வாழைமரத் தோரணம். திருவிழாவுக்கு ரோட்டுக்குக் குறுக்கே இழுத்த சீரியல் பல்பு ஒயர். லாட்ஜ் வாசல் ஆர்ச். பஸ் போற ரோட்டுல பயமில்ல. பஸ் உங்களைவிட உயரம், அது போன இடத்துல நீங்களும் போலாம். சந்துக்குள்ள திரும்பறப்போதான் ஒருத்தர் இறங்கி நின்னு பாக்கணும்.

ஆக்ஸிலரேட்டர்ல கால் வைக்கும் முன்...

காத்து எதிர்க்கிற விசை, வேகத்தோட இருமடிக்கு ஏறும். பிசிக்ஸ் கிளாஸ்ல தூங்கினவங்களுக்காக: 80-ல இருந்து 100-க்குப் போனா வேகம் கால் பங்குதான் கூடுது, ஆனா காத்து சைக்கிளைப் பிடுங்கற விசை ஒண்ணரை மடங்குக்கு மேல ஆகுது. பெட்ரோலும் சேர்ந்து காலியாகும். திண்டிவனம் ஹைவேஸ்ல ரோடு நல்லா இருக்கேனு அமுக்காதீங்க. 80-ஐத் தாண்ட வேணாம். எதிர்ல பெரிய லாரி கடக்கறப்போ ஒரு அடி அடிக்கும் பாருங்க காத்து, அப்போ ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கணும்.

எடை மேல ஏறிட்டதால மலை வளைவுல கார் வழக்கத்தைவிட அதிகமாச் சாயும். ஜவ்வாது மலை மாதிரி இடத்துல வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க, வளைவுக்குள்ள பிரேக் போடாதீங்க. ஸ்பீடு பிரேக்கர்ல ஊர்ந்து ஏறுங்க. சடன் பிரேக் அடிச்சா 14 கிலோ சைக்கிள் பத்து கிலோவுக்கு மேல விசையோட முன்னாடி பாயப் பாக்கும். அதனால முன்னாடி போற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல வழக்கத்தைவிட டபுள் இடைவெளி. மழைக்குப் பயந்து சைக்கிள் மேல பெரிய தார்ப்பாய் போத்தாதீங்க, பாய்மரக் கப்பல் ஆயிடும். சீட்டுக்கு மட்டும் ஒரு பாலிதீன் கவர், இறுக்கிக் கட்டினா போதும்.

சட்டம் என்ன சொல்லுதுனு தெரிஞ்சுக்கறதும் நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துல சேர்ந்த 194 (1ஏ) பிரிவுப்படி, அனுமதிச்ச அளவைத் தாண்டி சுமை பக்கவாட்டுலயோ, முன்ன பின்னயோ, உயரத்துலயோ நீட்டிக்கிட்டு இருந்தா 20,000 ரூபாய் அபராதம். டிக்கிக்குப் பின்னாடி குறுக்கே தொங்கவிடற ரேக்குல சைக்கிளோட ரெண்டு சக்கரமும் காரைவிட அகலமா வெளிய நீட்டலாம், நம்பர் பிளேட்டையும் பின் லைட்டையும் மறைக்கலாம். கூரையில நேரா நிக்கிற சைக்கிளுக்கு இந்த ரெண்டு தொல்லையும் இல்ல. ரூஃப் ரேக்குக்கு இருக்கிற பெரிய பிளஸ் பாயின்ட் இது. கூடவே, உங்க இன்ஷூரன்ஸ்காரர்கிட்ட ரேக் பத்தி ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டு வெச்சிடுங்க.

பௌர்ணமியா? வேணாம் ராசா!

வெளியூர்ல இருந்து 'தீபத்துக்கு வர்றோம், கார் மேல சைக்கிள் போட்டு, கிரிவலத்தை சைக்கிள்லயே முடிச்சிடறோம்'னு பிளான் போடற கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. பௌர்ணமி ராத்திரியிலயும் கார்த்திகை தீபத்தப்பவும் கிரிவலப் பாதை முழுக்க மனுஷத் தலைதான். வண்டிகளை ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. செருப்பில்லாத காலோட லட்சக்கணக்கான பேர் நடக்கிற ரோட்டுல சைக்கிள் விடறது வீரமும் இல்ல, பக்தியும் இல்ல. அன்னிக்கு நடங்க. சைக்கிளுக்கு சாதாரண நாள் விடியக்காலைதான் அழகு. வண்டியும் கம்மி, வெயிலும் கம்மி.

நிறுத்தறப்போ இன்னும் ரெண்டு விஷயம். மலையடிவாரத்து மரத்தடி நிழல்னு நிறுத்திட்டு டிபன் சாப்பிடப் போனா, நம்ம முன்னோர்கள் கிளையில இருந்து இறங்கி, சீட்டு ஸ்பாஞ்சை ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. ராத்திரி தங்கறதா இருந்தா சைக்கிளை இறக்கி ரூமுக்குள்ள கொண்டு போயிடுங்க. ரேக்குல இருக்கிற பூட்டு நேர்மையான ஆளுக்கு மட்டும்தான் பூட்டு.

ஊர் திரும்பினதும் ரேக்கையும் கழட்டி வீட்டுக்குள்ள வைங்க. வருஷம் பூரா கூரையிலயே விட்டா பெட்ரோலும் வீண், அக்னி நட்சத்திர வெயில்ல பெல்ட்டும் ரப்பரும் வெளிறி, காஞ்சு, மொறுமொறுனு ஆயிடும். ஒவ்வொரு டிரிப்புக்கு முன்னாடியும் பெல்ட்டை மடிச்சுப் பாருங்க. நூல் பிரிஞ்சிருந்தா, வெடிச்சிருந்தா, யோசிக்காம மாத்திடுங்க. ஒரு புது பெல்ட்டோட விலை, நாலு பேர் டீ, வடை சாப்பிடற செலவைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான்.

இந்த வார ஹோம்வொர்க்: ரேக் வாங்கறவங்களோ வாங்காதவங்களோ, அப்பா கார் மேனுவலைப் பிரிச்சு, கூரை எத்தனை கிலோ தாங்கும்னு கண்டுபிடிங்க. சைக்கிளை எடை போடுங்க. ரெண்டு நம்பரையும் கையில வெச்சுக்கிட்டு கடைக்குப் போங்க. அப்புறம் எந்தக் கடைக்காரர் எந்த மாடலைத் தலையில கட்டப் பார்த்தாலும், எதை எடுக்கணும், எதை விடணும்னு உங்களுக்கே தெரியும்.

ரைட்... போலாம்!